ஒட்டாத நார்

அந்தத் துண்டு மூட்டையை இழுக்காதீங்க அம்மணி, வராது. நானே எடுக்கறேன், காலை மட்டும் சித்தெ நகத்திக்குங்க. உள்ளார காந்தம் இருக்குதுங்க. சீட்டுக்கால் இரும்பு பாருங்க, அதுல போயி ஒட்டிக்கிச்சு. ரெண்டு துண்டைச் சுத்தி வச்சும் கேக்க மாட்டேங்குது. இந்தா, வந்துருச்சு. இனி மடியிலயே வச்சுக்கறேன்.

பயப்படாதீங்க, வெடிக்கிற சாமான் ஒண்ணுமில்லை. ஸ்பீக்கர் காந்தம். கோயில் நோம்பிக்குப் பெரிய பெரிய பெட்டியாக் கட்டுவாங்களே, அதுல இருந்து கழட்டுனது. எனக்கு இல்லீங்க, சங்கவியோடது. அவகிட்டக் குடுக்கத்தான் போறேன். கருக்கம்பாளையத்துல எறங்கோணும். நீங்க காங்கயமா? அப்ப எனக்கு அப்புறமும் போவீங்க. சன்னலோரம் நீங்களே உக்காந்துக்குங்க. இந்த மஞ்சப் பையை மட்டும் உங்க மடியில வச்சுக்கறீங்களா? நோட்டுக் கட்டுங்க. நோட்டுல சுருள் கம்பி இருக்குது, கிட்ட வச்சா அதையும் புடிச்சு இழுக்கும் இந்தச் சனியன்.

சங்கவி யாருன்னு கேக்கறீங்களா? சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை. நான் ஈரோட்டுல ஒரு காலேஜ்ல கெமிஸ்ட்ரி லேப் அட்டெண்டரா இருந்தேனுங்க. இந்த மே மாசத்தோட ரிட்டயர்டு. பேரு சம்பூர்ணம். என் வீட்டுக்காரரு அங்க அட்டெண்டரா இருந்து செத்துப்போனாரு, அந்த வேலையை எனக்குப் போட்டுக் குடுத்தாங்க. எட்டாவது படிச்சவ. கொழந்தை குட்டி கெடையாது. முப்பது வருசம் அந்தப் பாட்டிலுங்க கூடத்தான் குடும்பம் நடத்துனேன்.

ஆனா ஒண்ணு சொல்றேன். முப்பது வருசத்துல என் லேப்புல ஒரு புள்ளை பிராக்டிகல்ல பெயிலானதில்லை. எப்படின்னு கேளுங்க. பரீட்சையில ஒரு பொட்டலத்துல வெள்ளைப் பொடி குடுப்பாங்க. அது என்ன உப்புன்னு புள்ளைங்க கண்டுபுடிக்கோணும். எந்தப் பொட்டலத்துல என்ன இருக்குதுன்னு யாருக்குத் தெரியும்? கட்டுனவளுக்குத் தெரியாதா? வெளிய இருந்து வர்ற எக்ஸாமினரு இந்தப் பக்கம் முதுகைக் காட்டுனாப் போதும். ஈய உப்புன்னா, அதை மஞ்சளாக் காட்டற குரோமேட்டு பாட்டிலை அந்தப் புள்ளை கைக்கு எட்டற மாதிரி நகத்தி வச்சிருவேன். புரிஞ்சுக்கறது புரிஞ்சுக்கும். சிலதுக்கு அப்பவும் புரியாது, முழிச்சுக்கிட்டு நிக்கும். காதுல ஓதிட்டு வருவேன். மஞ்சளா வராம கலங்கலா வந்துச்சுன்னா ரெண்டு சொட்டு நானே விட்டிருவேன். எல்லாக் காலேஜ்லயும் நடக்கறதுதாங்க. எக்ஸாமினருக்கும் தெரியும். தெரிஞ்சுதான் சன்னலோரமா நின்னு காப்பி குடிப்பாங்க.

பாவமுன்னு நெனைக்கறீங்களா? போங்க அம்மணி. எல்லாம் காட்டுவேலைக்குப் போறவங்க பெத்த புள்ளைங்க. ஒரு பொட்டலத்தால அதுங்க பொழப்புப் போகோணுமா? எத்தனையோ பேரு இன்னைக்கு வாத்தியாரா இருக்குதுங்க. கடைவீதியில பாத்தா வண்டியை நிறுத்தி, அக்கா நல்லா இருக்கறீங்களான்னு கேக்குதுங்க. எனக்கு அது போதும்.

சங்கவி அப்படி ஓதிக் குடுத்துப் பாசானவ இல்லை. அதையும் சொல்லிரோணும். அவ வேற காலேஜ்ல எம்.எஸ்ஸி முடிச்சு, தங்க மெடல் வாங்கிட்டு, ஆராய்ச்சி பண்ண எங்ககிட்ட வந்தவ. ஒல்லியா, கண்ணு மட்டும் பெருசா இருப்பா. மொத நாளே லேப்புக்குள்ள வந்து, "அக்கா, அன்னபேதி எங்க இருக்குதுங்க?"ன்னு கேட்டா. அது இரும்பு உப்பு, எல்லாரும் பெரஸ் சல்பேட்டும்பாங்க. இவ நாட்டு மருந்துக் கடையில கேக்கற மாதிரி கேக்கறாளேன்னு எனக்குச் சிரிப்பு.

என்ன ஆராய்ச்சின்னா, வாழை நாரைக் காந்தத்துல ஒட்ட வைக்கறது. சிரிக்காதீங்க. நானும் சிரிச்சவதான். பூக்கட்டற நாரு எங்கயாவது காந்தத்துல ஒட்டுமான்னேன். "ஒட்ட வைக்க முடியுமுங்க அக்கா, அதான் வேலையே"ன்னா. நாரைக் காஸ்டிக் சோடாவுல ஊறப்போட்டு அலசி, அன்னபேதியும் பெரிக் குளோரைடும் கரைச்ச தண்ணியில முக்கி வைக்கோணும். அப்புறம் அம்மோனியாவை ஊத்தோணும். ஊத்துனதும் தண்ணி அப்படியே கன்னங்கரேல்னு மாறும் பாருங்க, பாத்தாத்தான் தெரியும். நாருக்குள்ள, அந்தக் கண்ணுக்குத் தெரியாத ஓட்டையில எல்லாம், காந்தக் கறுப்பு போயி உக்காந்துக்குமாம். மேல தடவறது இல்லை. கோந்து இல்லை, பசை இல்லை. நாரோட நாரா அதுவே வளரோணும். அதைத்தான் சொல்லிச் சொல்லிப் பூரிச்சுப் போவா.

எதுக்குன்னா, அவ ஊரு நாம தாண்டப்போற ஆத்துக்கரைதானுங்க. நீங்க காங்கயத்துக்காரவங்க, உங்களுக்குச் சொல்லோணுமா? சாயப்பட்டறைத் தண்ணி எறங்கி அவங்கப்பா கெணறு செவந்து கெடக்குது. ஆறு ஏக்கரு, ஒரு தென்னை மிச்சமில்லை. இந்த நாரைச் சாயத்தண்ணியில போட்டாச் சாயத்தை உறிஞ்சிக்கும், அப்புறம் ஒரு காந்தத்தைக் காட்டுனா நாரு மொத்தமும் மேல வந்துரும், தண்ணி தனியா நிக்கும். அதுதான் அவ கணக்கு. இந்தக் காந்தம் கூட அவங்கப்பா ஊர்ல ரேடியோ செட்டுக்காரர்கிட்டக் கேட்டு வாங்கிக் குடுத்தது.

அவளுக்கு அம்மா கெடையாதுங்க. ஏழாவது படிக்கறப்பவே போயிட்டாங்களாம். மத்தியானம் தராசு ரூமுல நானும் அவளும் ஒட்டுக்காத்தான் சாப்புடுவோம். அவ டப்பாவுல தெனமும் தயிர்ச்சோறு, அவங்கப்பா கட்டிக் குடுக்கறது. நான் கொண்டுபோறதுல பாதியை அவ டப்பாவுல தள்ளிருவேன். ரெண்டாவது வருசம் எனக்குக் கண்ணுல பொரை எடுக்கோணும்னு ஆச்சு. கூட வர ஆளில்லை. அவதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா. ஒரு தாள்ல கையெழுத்துக் கேட்டாங்க, உறவுமுறைன்னு போட்டிருந்த எடத்துல என்ன எழுதுனான்னு எனக்குத் தெரியலை. கட்டுப் பிரிச்சதுக்கு அப்புறம் வாங்கிப் பாத்தேன். மகள்னு எழுதியிருந்தா. அன்னையில இருந்து அக்காங்கறது போயி அம்மா ஆயிருச்சு.

சரி, அழுதுட்டே சொன்னா உங்களுக்கும் புரியாது. தண்ணி இருந்தாச் சித்தெ குடுங்க.

மூணு வருசமா நாரு ஒட்டவே இல்லை. ஒவ்வொரு தடவையும் துருப்புடிச்ச மாதிரி பழுப்பாப் போயிரும். எட்டுத் தடவை. அவளோட கைடு ஞானசேகரன் சாருன்னு ஒருத்தரு. மோசமான மனுசன்னு சொல்ல மாட்டேன், பொறுமை கெடையாது. "சனிக்கெழமை காலையில ஒம்பது மணிக்கு வர்றேன். ஒட்டுதுன்னாக் காட்டு. இல்லைன்னாத் தலைப்பை மாத்திக்க"ன்னுட்டாரு. மூணு வருசத்தைத் தூக்கிக் குப்பையில போடுன்னு அர்த்தம்.

அந்த வெள்ளிக்கெழமைதான் நான் ஸ்டோர் ரூம்ல பொறக்கி ஒரு புது அன்னபேதி பாட்டிலைக் கண்டுபுடிச்சுக் குடுத்தேன். சீல் பிரிக்காதது. பச்சைப் பசேல்னு கண்ணாடிக் கல்லு மாதிரி இருந்துச்சு. அவ அதைப் பாத்துக் குதிச்சா. "இத்தனை நாளும் பழசைப் போட்டுக் கெடுத்திருக்கறேன்மா"ன்னா. தண்ணியைக் கொதிக்க வச்சு ஆத்தி, அதுல கரைச்சு, நாரைப் போட்டு அம்மோனியாவை ஊத்துனா. கறுப்பு. பழுப்பாகவே இல்லை. அஞ்சு மணி வரைக்கும் அலசி அலசி தட்டுல பரப்பி வச்சுட்டு, "அம்மா, கடைசி பஸ்ஸு போயிரும். நல்லாக் காத்தாட வச்சிருங்க, காஞ்சதுக்கு அப்புறம் பாத்துக்கலாம்"னுட்டு ஓடுனா.

ராத்திரி பூரா மழை. சன்னலைச் சாத்தாம இருக்க முடியலை. காலையில ஏழு மணிக்கே போயிட்டேன், எனக்கு இருப்புக் கொள்ளலை. தட்டுல அந்த நாரு ஈரம் சொட்டச் சொட்டக் கெடந்துச்சு. இதே காந்தத்தை எடுத்து மேல புடிச்சேன்.

ஒட்டலை.

கிட்டக் கொண்டுபோனேன். தொட்டே வச்சேன். காந்தத்தைத் தூக்குனா நாரு தட்டுலயே கெடக்குது. அசையக்கூட இல்லை. அவ பஸ்ஸு வந்து சேர ஒம்பது ஆகும். அந்த மனுசனும் ஒம்பதுக்கு வருவாரு. இவ ஓடி வந்து, எம் மூஞ்சியைப் பாத்து, "என்னம்மா ஆச்சு?"ன்னு கேப்பா. நான் என்ன சொல்றது?

நான் பெருசா யோசிக்கலீங்க. முப்பது வருசப் பழக்கம், கை தானாப் போச்சு. அவ நாரு இல்லாம வெறும் கறுப்புப் பொடி மட்டும் ஒரு பாட்டில்ல செஞ்சு வச்சிருந்தா, அளந்து பாக்கறதுக்கு. அது காந்தத்துல ஒட்டும், குதிச்சு ஒட்டும். அன்னபேதியை விட்டுட்டு வேற பாட்டிலை எல்லாம் வச்சு அதைச் செஞ்சிருந்தா, முறை வேற, எனக்கு விவரமாத் தெரியாது. டைட்ரேஷன்னு ஒரு சோதனை, அதுக்கு வாராவாரம் ஸ்டார்ச்சுக் கஞ்சி காய்ச்சி வைக்கறது என் வேலை. மொத நாளு காய்ச்சுனது பாக்கி இருந்துச்சு. ஒரு புடி புது நாரை எடுத்துக் கஞ்சியில முக்கி, அந்தப் பொடியைப் போட்டுப் பொரட்டி, அரை மணி நேரம் ஓவன்ல வச்சேன். சாயம் போட்ட நூலு மாதிரி வந்துருச்சு. தட்டுல பரப்பி வச்சுட்டுக் கையைக் கழுவிட்டேன். அவ்வளவுதான்.

ஒட்டாத நாரைக் குப்பையில போட மனசு வரலை. அவ கையால அலசுனது. பிழிஞ்சு சுருட்டி டிபன் பையில போட்டு வீட்டுக்குக் கொண்டுபோயிட்டேன். இந்த நோட்டுக் கட்டை எதுல கட்டியிருக்கறேன்னு பாருங்க. அதேதான். காலையில அவசரத்துக்குக் கயிறு அகப்படலை, இது பரண்ல கெடந்துச்சு. ஒட்டத்தான் இல்லை, கட்டவாவது ஆகட்டும்னு எடுத்தேன்.

ஒம்பது மணிக்கு சாரு வந்தாரு. அவ காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனா. நாரு எந்திரிச்சு வந்து ஒட்டுச்சு. மொத்தமா! சாரு வாயைப் பொளந்துட்டாரு. அவ என்னைத்தான் திரும்பிப் பாத்தா. சாரு முன்னாலயே என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு ஓன்னு அழுதா. நான் பெத்திருந்தாக் கூட அப்படி ஒரு நிமிசம் எனக்குக் கெடைச்சிருக்காதுங்க.

அப்புறம் ரெண்டு தடவை பண்ணா. ரெண்டு தடவையும் காலையில அவளுக்கு முன்னால நான் போயிருவேன்.

தப்புன்னு சொல்றீங்க. நீங்க வாயைத் தொறக்கலைன்னாலும் மூஞ்சியில தெரியுது. கேளுங்க, ஒன்றரை வருசம், அம்மணி. ஒன்றரை வருசம் அந்தப் புள்ளை தரையில நடக்கலை. கோயமுத்தூர்ல பேசுனா, பரிசு குடுத்தாங்க. வெளிநாட்டுப் பத்திரிகையில அவ பேரு வந்துச்சு. அவங்கப்பா ஒரு நாளு ஒரு கொடத்துல கெணத்துத் தண்ணியை மோந்துட்டு பஸ்ஸுல வந்தாரு. ரோஸ் கலரு. அவ அதுல நாரைப் போட்டுக் கலக்கி, காந்தத்தைக் காட்டி எடுத்தா. தண்ணி தெளிஞ்சு நின்னுச்சு. அந்த மனுசன் கொடத்தையே ரொம்ப நேரம் பாத்துட்டு, "ஒரு கெணத்துக்குப் பண்ணலாமா சாமி?"ன்னு கேட்டாரு. "பண்ணலாம்ப்பா, ரெண்டு வருசம் குடுங்க"ன்னா. நான் மட்டும் அன்னைக்கு அதைச் செய்யலைன்னா இதெல்லாம் அவளுக்கு ஏதுங்க? அந்தச் சனிக்கெழமையே மூட்டையைக் கட்டியிருப்பா. அந்த ஒன்றரை வருசம் நான் குடுத்தது.

வெள்ளோடு தாண்டிட்டமா? சென்னிமலையே தாண்டிட்டமா! பேச்சுல தெரியலை பாருங்க.

வடக்க ஏதோ ஒரு லேப்புல இருந்து லெட்டரு வந்துச்சு. நீங்க எழுதுன மாதிரியே நாங்களும் பண்ணிப் பாத்தோம், உங்க நாரு காந்தத்துல ஒட்டறதுல மூணுல ஒரு பங்குதான் எங்களது ஒட்டுது, உங்க நாரைக் கொஞ்சம் அனுப்புங்கன்னு. இவ சூதுவாது தெரியாதவ, சந்தோசமா அனுப்பி வச்சா. அவனுங்க அதைச் சுடுதண்ணியில போட்டு, கஞ்சி இருக்குது, பொடியை ஒட்டி வச்சிருக்கறீங்கன்னு எழுதிட்டானுங்க. வயித்தெரிச்சல்காரனுங்க. ஊர்ல வேற வேலை இல்லையா?

ஞானசேகரன் சாரு எல்லாரையும் லேப்புக்குக் கூப்புட்டாரு. மிச்சமிருந்த நாரைச் சுடுதண்ணியில அலசி வடிச்சாரு. "சம்பூர்ணம், அயோடின் எடுத்துட்டு வாங்க"ன்னாரு. கஞ்சி இருந்தா அயோடின்ல நீலமாகும். அது எனக்கே தெரியும், ரெண்டையும் தயார் பண்ணி ஊத்தி வைக்கறவ நானு. அலமாரிக்குப் போனேன். பக்கத்துலயே அதே நெறத்துல வேற பாட்டிலும் இருந்துச்சு. அதை எடுத்துட்டுப் போயிருக்கலாம். ஆனா திரும்பிப் பாத்தா அந்த மனுசன் என் கையையே பாத்துக்கிட்டு நிக்கறாரு. முப்பது வருசத்துல யாரும் அப்படிப் பாத்ததில்லீங்க. சரியான பாட்டிலை எடுத்துட்டு வந்து குடுத்துட்டேன்.

ரெண்டு சொட்டு. மசி ஊத்துன மாதிரி நீலம்.

"கஞ்சி போட்டு ஒட்டுனியா?"ன்னு கேட்டாரு. அவ "இல்லீங்க சார், இல்லீங்க சார்"னு அதையே சொல்லிக்கிட்டு நின்னா. பத்துப் பேரு முன்னால. பசங்க சிரிச்சானுங்க. பத்திரிகையில போட்டதை வாபஸ் வாங்குனாங்க. ஆராய்ச்சிப் பதிவுல இருந்து அவ பேரையும் அடிச்சுட்டாங்க. அவ மேசைக்குப் பூட்டுப் போட்டாங்க. இனி லேப்புக்குள்ள கால் வைக்கக் கூடாதுன்னுட்டாங்க.

அன்னைக்குச் சாயந்தரம் தராசு ரூமுல வந்து எம் பக்கத்துல உக்காந்தா. அழலை. "அம்மா, வடிகட்டறதுக்குப் புதுத் துணி வாங்குனேன்ல. புதுத் துணியில கஞ்சி இருக்கும். நான் தொவைக்காம வடிகட்டிட்டேன் போலிருக்குது. அதுல இருந்துதான் எறங்கியிருக்கும். என் தப்புதான், இல்லீங்களாம்மா?"ன்னு கேட்டா.

நான் ஆமா கண்ணு, இருக்கும்னேன்.

அப்படிப் பாக்காதீங்க. என்ன சொல்லச் சொல்றீங்க? நான்தான் பண்ணேன்னு சொன்னா மட்டும் என்ன ஆகியிருக்கும்? அப்பவும் நாரு ஒட்டலைங்கறது நெசந்தானே? நான் சொல்லியிருந்தா, உன் நாரு ஒரு நாளும் ஒட்டலை கண்ணு, ஒன்றரை வருசம் நீ கொண்டாடுனது அத்தனையும் பொய்யின்னு சொன்ன மாதிரி ஆயிருக்காதா? அதை ஒரு புள்ளைகிட்ட எந்த வாயில சொல்றது? துணி மேல பழி போனாப் போகட்டும். கையில ஏதோ சின்னத் தப்புன்னு நெனைச்சுக்கிட்டாவது இருக்கட்டும். நான் சொல்லாம இருந்தது எனக்காக இல்லீங்க. அவளுக்காகத்தான்.

அவளுக்காகத்தான்.

இப்ப ஒரு வருசமாச் சங்கவி பனியன் கம்பெனியில செக்கிங் பண்றா. தைச்ச துணியில ஓட்டை இருக்குதா, நூலு தொங்குதான்னு பாக்கற வேலை. தங்க மெடலு வாங்குன புள்ளை. போன்ல பேசுனா நல்லா இருக்கறேன்ம்மான்னுதான் சொல்லுவா. போன வாரம் காலேஜ்ல அவ மேசையைக் காலி பண்ணச் சொன்னாங்க, புதுசா ஒரு பையன் வர்றானாம். என்னைக் கூப்புட்டாங்க, பழைய ஆளுன்னு. நோட்டு, கோட்டு, காந்தம், எல்லாத்தையும் கட்டி எடுத்துட்டு வந்துட்டேன். அவகிட்டச் சொன்னதுக்கு, "நோட்டை எல்லாம் கொண்டாங்கம்மா, அடுப்புல போட்டுரலாம். எதைத் தொட்டாலும் வெளங்காத கையி என்னுது"ன்னா. அந்தக் கையைப் போயி அப்படிச் சொல்றா பாருங்க.

எழுத்தைப் பாருங்களேன், முத்து முத்தா இருக்கும். அந்தக் கட்டைக் குடுங்க, அவுத்துக் காட்டறேன். அடுப்புல போறதுக்கு முன்னாடி நீங்க ஒருத்தராவது பாத்துருங்க. முடிச்சு இறுகிப் போச்சு. பல்லுல கடிச்சாத்தான்... இந்தா வந்துருச்சு. நாரை என் மடியில வச்சுட்டு நோட்டைப் பிரிங்க. ஒவ்வொரு பக்கத்துலயும் தேதி போட்டு, நேரம் போட்டு, அன்னைக்கு மழையா வெயிலான்னு கூட எழுதியிருப்பா. பேதைப் புள்ளை.

என்னுங்க? எது நவுருது?

பஸ்ஸு குலுக்குதுங்க, அதான்.

இல்லை... இருங்க. துண்டை எடுக்கறேன். காந்தத்து மேல இருக்கற துண்டை எடுக்கறேன். ஒண்ணு. ரெண்டாவதையும் எடுத்துட்டேன்.

அம்மணி, இதைப் பாருங்க. ஒட்டுது.

காத்துல பறந்து ஒட்டியிருக்கும். சன்னலைச் சாத்துங்க. சாத்துங்க சித்தெ. பிச்சு எடுத்துட்டேன். இப்ப மறுபடியும் கிட்டக் கொண்டுபோறேன். நீங்களே பாருங்க, நான் தள்ளலை, என் கையைப் பாருங்க, நான் ஒண்ணும் பண்ணலை...

ஒட்டுதுங்க. எந்திரிச்சு வந்து ஒட்டுதுங்க.

இதுல கஞ்சி இல்லை. பொடி இல்லை. இதை நான் தொடவே இல்லையே! பிழிஞ்சு சுருட்டிக் கொண்டுபோனதோட சரி. இது அவ செஞ்சது. அந்த வெள்ளிக்கெழமை அவ செஞ்சது.

மெதுவாத்தான் ஒட்டுது, நான் பண்ணது மாதிரி குதிக்கலை. மூணுல ஒரு பங்கு. மூணுல ஒரு பங்குன்னு அவனுங்க சரியாத்தான் எழுதியிருக்கறானுங்க. அதுதான் நெசமான நாரு. அது போதுமுங்களே. அதைக் காட்டியிருந்தாலே அந்த மனுசன் தலைப்பை மாத்தச் சொல்லியிருக்க மாட்டாரே.

அன்னைக்கு ஈரம், அம்மணி. தண்ணியில ஊறிப் பாரமாக் கெடந்துச்சு, தட்டோட ஒட்டிக் கெடந்துச்சு. காஞ்சதுக்கு அப்புறம் பாத்துக்கலாம்னு சொல்லிட்டுத்தான் போனா. எங்கிட்டத்தான் சொல்லிட்டுப் போனா. நான் கேட்டனா? ஒரு நாளு பொறுத்திருந்தாப் போதும். ஒரு வெயில் போதும். ஒம்பது மணிக்கு அவளே வந்து, சார், ஈரமா இருக்குது, மத்தியானம் பாருங்கன்னு சொல்லியிருப்பா. அவளுக்குத் தெரியாதா? எனக்கென்ன அவ்வளவு அவசரம்? பெயிலாகாத புள்ளையை நான் போயிப் பாசாக்குனேன். என் புள்ளையை நானே கெடுத்துட்டேன். ரெண்டரை வருசமா என் பரண்ல கெடந்துச்சுங்க இது, தலைக்கு மேல. நான் கீழ படுத்துத் தூங்கியிருக்கறேன்.

அவளுக்காகன்னு சொன்னேன்ல இப்ப? அவளுக்காக இல்லீங்க. அம்மான்னு கூப்புடறா பாருங்க, அதுக்காக.

ஆத்துப் பாலம் வந்துருச்சு. அடுத்தது கருக்கம்பாளையம்தான். அதா தெரியறா, வேப்ப மரத்துக்கிட்ட வண்டியைப் போட்டுட்டு நிக்கறா, நீலச் சுடிதாரு. எளைச்சுப் போயிட்டா. எந்திரிக்கறேன் அம்மணி, கையைக் குடுங்க. நோட்டை எல்லாம் பையில போடுங்க. நாரைப் போடாதீங்க. நாரு என் கையிலயே இருக்கட்டும், காந்தமும் இன்னொரு கையில இருக்கட்டும். பையில போட்டாப் பையோடயே குடுத்துட்டுத் திரும்பி வந்துருவேன், எனக்கு என்னைத் தெரியும்.

உங்களை ஒண்ணு கேக்கறேன். நீங்க சன்னலோரந்தான் இருக்கறீங்க. பஸ்ஸு கெளம்பற வரைக்கும் என் கையையே பாருங்க. நான் எறங்கி, அவ முன்னால இதை ஒட்டிக் காட்டி, வாயைத் தொறந்து சொல்றனான்னு பாருங்க. தலையைத் திருப்பிக்காதீங்க. என்னை யாராவது பாத்துக்கிட்டே இருக்கோணும். யாரும் பாக்காத எடத்துலதான் நான் எல்லாம் பண்ணியிருக்கறேன்.

நின்னுருச்சு. கேட்டீங்களா? "மெல்ல எறங்குங்கம்மா, பையைக் குடுங்கம்மா"ங்கறா.

கண்டக்டர் தம்பி, விசில் அடிக்காதப்பா, எறங்கறேன். ஒரு நிமிசம். அவ இன்னொருக்கா அம்மான்னு கூப்புடட்டும், கேட்டுட்டு எறங்கறேன்.